கைக்கருவிக்கு எந்த மொழி?
பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க ஒரு கட்டுரை



பிளஸ் டூ தேறிய மகனோ, பி.சி.ஏ. முடித்த மகளோ இருக்கும் இல்லங்களில் இன்று ஒரு பேச்சு அடிக்கடி நடக்கிறது. "செல்போனில் ஓடும் ஆப் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்கிறது பிள்ளை. "நல்லதுதான், அதற்கு எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார் அத்தா. ஜாவா படி என்கிறார் ஒருவர். அது பழசாகிவிட்டது, கோட்லின் படி என்கிறார் இன்னொருவர். சென்னையில் வேலை பார்க்கும் மச்சான் பிளட்டர் என்கிறார். பயிற்சி நிலையத்து விளம்பரமோ அத்தனையையும் மூன்றே மாதத்தில் கற்றுத் தருவதாக வாக்களிக்கிறது. முடிவில், யார் உரக்கச் சொன்னாரோ அவர் சொன்ன இடத்தில் கட்டணம் கட்டப்படுகிறது.

பேகம்பூர் போன்ற ஊர்களில் இந்தக் கட்டணம் எளிதாகக் கிடைத்த பணமன்று. தோல் ஷாப்பில் சுண்ணாம்பு வாடையில் நின்று உழைத்தவரின் சேமிப்பு அது; வளைகுடாவில் வெயில் காய்ந்தவர் அனுப்பிய பணம் அது. எனவே இந்தத் தேர்வைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேசுவது பயனுள்ளது என்று கருதுகிறேன். கணிப்பொறி நிபுணர்களுக்காக நான் இதை எழுதவில்லை. பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டிய குடும்பத்தினருக்காகவே எழுதுகிறேன்.

திண்டுக்கல் பூட்டின் பெருமையை அறியாதார் இல்லை. பூட்டுத் தொழிலாளி எடுத்த எடுப்பில் இரும்பை வெட்டத் தொடங்குவதில்லை. கதவு என்ன, கடைக்கா வீட்டுக்கா, திறக்கப்போவது யார் என்று முதலில் கேட்பார். நிரல் மொழியைத் தேர்ந்தெடுப்பவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முன்னோர் செய்த தேர்வு

இத்தகைய தேர்வு நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. அரபுத்தமிழ் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி அமைத்துக்கொண்ட முறை அது. தமிழகத்திலும் இலங்கையிலும் நூற்றாண்டுகளாக அது வழங்கியது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல்கள் இயற்றியவர்.

ஏன் அந்த எழுத்து? குர்ஆன் ஓதக் கற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அரபு எழுத்து தெரிந்திருந்தது. அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் பேசுவதும் புரிந்துகொள்வதும் தமிழே. எனவே வாசிப்பவரின் கையையும் கண்ணையும் பார்த்து எழுத்து வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எழுதுபவரின் வசதியையோ, புலவர் அவையின் மதிப்பையோ பார்த்து அது முடிவு செய்யப்படவில்லை.

கைக்கருவிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதுவே முதல் விதி. கருவியைக் கையில் பிடிக்கப்போவது யார் என்பதை அறியாமல் மொழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நிரல் மொழி என்றால் என்ன?

கணிப்பொறியின் உள்ளே இருக்கும் செயலகத்துக்குப் புரிவது எண்களால் ஆன கட்டளைகள் மட்டுமே. மனிதர் எழுதக்கூடிய ஒரு மொழியில் எழுதி, அதை எண் கட்டளைகளாக மாற்றித் தருவதே நிரல் மொழியின் வேலை. மாற்றும் முறை பெரும்பாலும் இரண்டு வகைப்படும்.

அரபு நூலொன்றை ஒருவர் முன்கூட்டியே தமிழாக்கி அச்சிட்டுவிட்டால் வாசகர் நேரே படித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் அருகில் இருக்க வேண்டியதில்லை. சி, சி பிளஸ் பிளஸ் ஆகியவை இந்த வகை. மாறாக, அரபு அறிஞர் மேடையில் பேசப்பேச, பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வதும் உண்டு. இதில் எந்த ஊருக்கும் அதே பேச்சாளர் போகலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரமும் கூடுதலாகும். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆகியவை ஏறத்தாழ இப்படி இயங்குகின்றன. ஜாவா இரண்டுக்கும் நடுவில் நிற்பது: பாதி மொழிபெயர்ப்பு முன்கூட்டியே முடிந்திருக்கும், மீதி கருவியின் உள்ளே நடக்கும்.

மேசைக் கணிப்பொறியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கைக்கருவியிலோ மின்கலமும் சிறியது, நினைவகமும் சிறியது. 1996-ல் வெளிவந்த பாம் பைலட் என்ற அமெரிக்கக் கைக்கருவியின் முதல் மாதிரியில் இருந்த நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இரண்டு சிறு பென்சில் பேட்டரியில் அது வாரக்கணக்கில் ஓட வேண்டும். அங்கே மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் செல்ல இடமேது? ஆகவே அதற்கான நிரல்கள் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்பட்டன.

இன்றைய சாதாரணக் கைப்பேசியிலேயே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நினைவகம் இருக்கிறது. எனினும் பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின் முதலாக, கையில் பிடிக்கும் கருவிகள் எத்தனையோ வகை. சிறிய கருவிகளின் உலகில் சி மொழிக்கு இன்னும் மதிப்புக் குறையவில்லை.

கைக்கருவிக்காகப் பிறந்த ஜாவா

ஜாவா முதலில் ஒரு கைக்கருவிக்காகவே உருவானது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1991-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஒரு சிறு குழு, வீட்டுச் சாதனங்களைக் கையிலிருந்தே இயக்கும் கருவியொன்றைச் செய்ய முனைந்தது. சி பிளஸ் பிளஸ் அதற்கு ஒத்துவரவில்லை என்று கண்ட ஜேம்ஸ் காஸ்லிங், புதிய மொழியொன்றை வடித்தார். முதலில் அதன் பெயர் ஓக். 1992-ல் ஸ்டார் செவன் என்ற அந்தக் கைக்கருவி உருவாகி இயங்கவும் செய்தது. ஆனால் கடைக்கு வரவில்லை. கருவி மறைந்தது, மொழி தங்கியது. 1995-ல் ஜாவா என்ற பெயரில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. பின்னர் சிறு கைப்பேசிகளுக்கென்றே அதன் சுருக்க வடிவம் வந்தது. 2008-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் நிரல் எழுத ஜாவா மொழியையே ஏற்றன.

பெங்களூரின் சிம்ப்யூட்டர்

நம் நாட்டிலேயே இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கைக்கருவியை வடிவமைத்து 2001-ல் அறிமுகம் செய்தார்கள். எளியது, மலிவானது, பல மொழி அறிந்தது என்பதே அந்தப் பெயரின் உட்பொருள். இலக்கு விலை சுமார் 9,000 ரூபாய்.

அதன் வடிவமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே பயனாளியை நினைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தவர் என்ன செய்வார்? எழுத்தைக் கருவியே உரக்கப் படித்துச் சொல்லட்டும் என்றார்கள். தனியாக வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? ஊருக்கு ஒன்று இருக்கட்டும், அவரவர் விவரம் அவரவர் கையிலுள்ள ஸ்மார்ட் கார்டில் இருக்கட்டும் என்றார்கள். இயக்க முறைமைக்கு உரிமத் தொகை கேட்காத லினக்ஸை எடுத்துக்கொண்டார்கள். தகவல் பக்கங்களை எளிதாக எழுதுவதற்கு ஐ.எம்.எல். என்ற குறியீட்டு மொழியைத் தாங்களே வகுத்தார்கள்.

2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக அமிடா சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. ஆண்டுக்கு 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரையிலான ஓராண்டில் விற்றவை சுமார் 4,000 மட்டுமே. அதே காலத்தில் கைப்பேசியின் விலை மளமளவென்று இறங்கி அது எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது. சிம்ப்யூட்டர் மெல்ல மறைந்தது.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. அன்று ஐ.எம்.எல். மட்டும் கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் இருந்திருப்பாரானால், கருவியோடு அவருடைய கல்வியும் பயனற்றுப் போயிருக்கும். லினக்ஸையும் சி மொழியையும் கற்றவருக்கோ வழி அடைபடவில்லை. பிறகு வந்த ஆண்ட்ராய்டின் அடித்தளமும் அதே லினக்ஸ்தான்.

செல்லினம் சொல்லும் பாடம்

கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லாதிருந்த காலத்தில், தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது செல்லினம். 1985 முதல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிவந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் படைப்பு அது. 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அன்றைய தேர்வு ஜாவா. ஏனெனில் பல நிறுவனங்களின் கைப்பேசிகளும் பொதுவாக ஏற்றுக்கொண்டது அதுவே.

பிறகு ஐபோன் வந்தது, ஆண்ட்ராய்டு வந்தது. பழைய நிரலை அப்படியே தூக்கி வைக்க இயலாது. அந்தந்தக் கருவி கேட்ட வடிவில் செல்லினம் மறுபடியும் செய்யப்பட்டது. மாறாமல் நின்றது எது? தமிழ் எழுத்து எப்படிப் பிறக்கிறது, மெய்யும் உயிரும் எப்படிச் சேர்கின்றன, விரல் எந்த வரிசையில் தட்டும் என்ற அறிவுதான். மொழிகள் அந்த அறிவுக்கு உடுத்திய சட்டைகள்.

சட்டை எத்தனை விரைவில் பழசாகிறது என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியபோது அந்நிறுவனம் உலகின் முதலிடத்தில் இருந்தது. அதன் உயர்ரகக் கைப்பேசிகளில் ஓடிய சிம்பியனுக்கு நிரல் எழுதத் தனிப்பயிற்சி பெற்றவர்கள் ஏராளம். 2011-ல் சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸுக்கு மாறப்போவதாக நோக்கியா அறிவித்தது. 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. ஐபோனுக்கு 2008 முதல் வெளியார் நிரல் எழுதியது ஆப்ஜெக்டிவ்-சி மொழியில். 2014-ல் ஆப்பிள் நிறுவனம் ஸ்விப்ட் என்ற புதிய மொழியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2017-ல் கோட்லின் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டு, 2019-ல் கூகுள் தன் முதல் விருப்பமாகவும் அதை அறிவித்தது. ஆகவே "இந்த ஒரு மொழி போதும், ஆயுளுக்கும் வேலை" என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு பெயர், இரண்டு கணக்கு

தமிழுக்கும் அரபுக்கும் நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. "அப்துல்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: அ, ப், து, ல். ஆனால் யூனிகோடு முறையில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி எண்ணாகவே சேமிக்கப்படுகின்றன. ஆகவே ஜாவா, கோட்லின், ஜாவாஸ்கிரிப்ட், டார்ட் ஆகியவற்றில் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 7 என்று விடை வரும். ஸ்விப்டில் கேட்டால் 4 என்று வரும். அது மனிதர் காணும் எழுத்தை எண்ணுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெயருக்கு ஆறு இடம் மட்டும் ஒதுக்கி, மீதியை வெட்டிவிடும்படி ஒருவர் கோட்லினில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு, சான்றிதழில் "அப்துல" என்று அச்சாகும். குற்றம் மொழியுடையதன்று. எழுத்து வாரியாக எண்ணுவதற்கான ஏற்பாடு மற்ற மொழிகளிலும் உண்டு. அது வேண்டும் என்று அறிந்தவர்தான் அதைத் தேடுவார். தமிழ் இலக்கணத்தில் உயிர்மெய்யைச் சரியாகப் படித்த பிள்ளைக்கு இது நொடியில் விளங்கும். வீட்டுத் தமிழும் மதரஸா அரபும் இத்துறையில் வீணாகா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரபுக்கு வலமிருந்து இடமாகப் பக்கம் அமைய வேண்டும். ஆண்ட்ராய்டில் 2012-ல் வந்த 4.2 பதிப்பிலிருந்து அதற்கான வசதி உள்ளது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. யாருடைய கையில் இருக்கும்? இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டு. நம் ஊர் மக்களுக்காகச் செய்வதானால் கோட்லின் நேரான பாதை. மேலை நாட்டு வாடிக்கையாளருக்குச் செய்வதானால் ஐபோனையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2. கருவியிடம் என்ன வேலை வாங்கப் போகிறோம்? கேமரா, புளூடூத், இருப்பிடம் ஆகியவற்றை ஆழமாகப் பயன்படுத்தும் செயலிக்கு அந்தந்தக் கருவியின் சொந்த மொழியே சிறந்தது: ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐபோனுக்கு ஸ்விப்ட். படிவம் நிரப்புதல், பட்டியல் காட்டுதல், கணக்கு வைத்தல் போன்றவற்றுக்கு ஒரே நிரலை இரண்டிலும் ஓடவிடும் முறைகள் போதும். பேஸ்புக் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் முறைக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். கூகுள் 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட பிளட்டருக்கு டார்ட் வேண்டும். திரையில்லாத சிறு கருவிகளுக்குச் சி மொழியே இன்றும் பழக வேண்டியது.

3. வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது? இதைப் பலர் கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டு நிரலுக்கான கருவித்தொகுப்பு இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஐபோனுக்கான கருவித்தொகுப்போ ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். கடையில் வைக்கும் செலவிலும் வேறுபாடு உண்டு: கூகுளின் பிளே கடைக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். மேக் வாங்க வசதியில்லாத வீட்டில் பிள்ளையை ஸ்விப்ட் வகுப்பில் சேர்ப்பது, குதிரை இல்லாமல் சேணம் வாங்குவது போன்றதே.

4. பின்னால் பார்த்துக்கொள்வது யார்? செயலி என்பது கட்டி முடித்த சுவரன்று. ஆண்டுதோறும் இயக்க முறைமை மாறும். செயலியும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். எழுதியவர் ஊரைவிட்டுப் போனாலும் எடுத்து நடத்த வேறொருவர் கிடைக்கக்கூடிய மொழியாக இருப்பது நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மதரஸாவுக்கு வருகைப் பதிவும் பாடப் பதிவும் வைக்கும் செயலி வேண்டும் என்று கொள்வோம். பயன்படுத்துவோர் இரண்டு மூன்று உஸ்தாத்மார்கள். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஆண்ட்ராய்டு. இன்டர்நெட் அடிக்கடி அறுபடும். பெயர்கள் தமிழில், பாடத் தலைப்புகள் அரபில். மாதக் கடைசியில் பெற்றோருக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்போது நான்கு கேள்விகளையும் கேளுங்கள். ஐபோன் இல்லை; எனவே இரண்டிலும் ஓடும் முறை கட்டாயமில்லை. தகவல் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும். வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் ஒரே பக்கத்தில் எழுத்து வரவேண்டும். பழைய கருவியிலும் திணறாமல் ஓட வேண்டும். விடை தானாக வந்துவிடுகிறது: கோட்லின். பெற்றோரும் அவரவர் கைப்பேசியில் பார்க்க வேண்டும், அவர்களில் சிலர் வெளிநாட்டில் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்று நிலைமை மாறினால் விடையும் மாறும். அப்போது பிளட்டரோ, சாதாரண இணையப் பக்கமோ பொருந்தும். செயலியே வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும் என்ற விடை வந்தாலும் வியப்பதற்கில்லை. அதையும் துணிந்து சொல்பவரே நல்ல நிரலாளர்.

கட்டணம் கட்டுமுன்

முதல் மொழியை ஆழமாகக் கற்றவருக்கு இரண்டாவது மொழி எளிது. நஹ்வும் ஸர்பும் ஊன்றிப் படித்த மாணவர் புதிய கிதாபைத் திறந்தால் தடுமாறமாட்டார். மொழிபெயர்ப்பை மட்டும் மனனம் செய்தவர் முதல் பக்கத்திலேயே நிற்பார். நிரலிலும் அப்படியே. மாறி, நிபந்தனை, சுழற்சி, பட்டியல், சார்பு, தரவைச் சேமிக்கும் முறை, பிழையைத் தேடும் பொறுமை ஆகியவையே இங்கே இலக்கணம். இவற்றைக் கோட்லினிலும் கற்கலாம், ஜாவாவிலும் கற்கலாம். அறவே புதியவருக்கு, கட்டங்களை நகர்த்தி அடுக்கியே ஆண்ட்ராய்டு செயலி செய்ய உதவும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் இலவசமாக இருக்கிறது. பத்து நாள் அதில் பழகினாலே பிள்ளைக்கு இத்துறையில் விருப்பம் உண்டா என்பது தெரிந்துவிடும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போகன் டுடோரியல் திட்டத்தில் சி, ஜாவா போன்ற பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். வழியாக ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளையும் கட்டணமின்றிக் கேட்கலாம். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தைப் பற்றிக் கல்லூரியில் விசாரியுங்கள். வெளியூர் சென்று படிக்க இயலாத நம் பெண்மக்களுக்கு இவை பெரும் வாய்ப்பு. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேர அமைதியும் இருந்தால் தொடங்கிவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் மகளைச் சமையலறைக்கு அழைக்காமல் இருப்பது குடும்பத்தார் செய்யும் உதவி.

பயிற்சி நிலையத்தில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே படித்தவர் செய்த செயலி ஒன்றை என் கைப்பேசியில் காட்ட முடியுமா? பாடம் நடத்துபவர் தாமே செயலி எழுதி வெளியிட்டவரா? படிப்பு முடியும்போது என் பிள்ளை கையில் சொந்தமாகச் செய்த செயலி இருக்குமா? நேர் விடை வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

"செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதே, இனிப் படிப்பு எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் "அப்துல்" சான்றிதழில் "அப்துல" ஆகிவிட்டது என்பதைக் கண்டு, ஏன் என்று அறிந்து திருத்த ஒருவர் வேண்டும். எழுதுவதைக் காட்டிலும் சரிபார்க்கவே இனி அதிக அறிவு தேவைப்படும்.

பெற்றோரே! அடுத்த முறை வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது, "எந்த மொழி?" என்று தொடங்காதீர்கள். "யாருக்காக என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளை உடனே பதில் சொன்னால் மொழியைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. பதில் இல்லையென்றால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இலவசப் பாடத்தோடு சில மாதம் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பால் நட்டம் ஏதுமில்லை.